சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு

கொலுவுக்கு வந்தவளைப் பாடச் சொல்லாமல் சுண்டலைக் கொடுத்து அனுப்பிவிடுவது மாம்பலத்தில் மரியாதைக் குறைவு. கேட்டவுடனே வந்தவள் பாடிவிட்டால் அது அதைவிடக் குறைவு. தொண்டை கட்டியிருக்கிறது என்பாள், பாடியே வருஷக்கணக்காச்சு என்பாள், சுருதிப்பெட்டி இல்லாமல் எப்படி என்பாள். அப்புறம் ஆரம்பித்தால் வீட்டுக்காரி விளக்குக்கு இரண்டாம் தடவை எண்ணெய் விட்ட பிறகும் நிறுத்தமாட்டாள்.

பங்கஜம் இதையெல்லாம் பார்த்துச் சலித்தவள். அந்த வருஷம், அதாவது வெள்ளைக்காரன் போன மறு வருஷத்து நவராத்திரியில், பனகல் பார்க்குக்குப் பின்தெருவில் இருந்த தன் வீட்டில் புதுச் சட்டம் ஒன்று போட்டாள்.

"இன்னிக்கு கீர்த்தனை கிடையாது. பழைய கிராமபோன் பிளேட் பாட்டு, நாடகப் பாட்டு, அதுதான். பாடறவா அந்தப் பாட்டைக் கேட்டா மனசுல என்ன ஞாபகம் வரதுன்னும் சொல்லணும்."

எதிர்வீட்டு ஜட்ஜ் மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரமாகப் புதுக் கீர்த்தனை ஒன்றை உருப்போட்டு வைத்திருந்தாள், பாவம். மற்றவர்களுக்கு ஒரே குஷி. பாண்டிபஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரரின் மனைவி இசக்கியம்மாள், "இதில்லா கொலு!" என்று சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

சட்டத்துக்கு உள்ளே ஒரு சூழ்ச்சி இருந்தது. அன்றைக்கு அடையாறிலிருந்து தர்மாம்பாள் வருவதாக இருந்தாள். பங்கஜத்தின் பெண் கோமளாவைத் தர்மாம்பாளின் ஒரே பிள்ளை விசுவத்துக்குக் கேட்டு, ஜாதகம் பொருந்தி, பிள்ளையின் அப்பா கைலாசம் வாய் நிறையச் சரி சொல்லி, விசுவமும் தலையாட்டியாயிற்று. தர்மு ஒருத்திதான் பிடி கொடுக்காமல் இருந்தாள். 'ஆகட்டும் பார்க்கலாம், பகவான் விட்ட வழி' என்று மழுப்பிக்கொண்டே இருந்தாள். கோமளாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் நிறம் மட்டு என்றார்கள், இன்னொரு வீட்டில் நட்சத்திரம் ஆகாது என்றார்கள். இதுவும் தட்டிப்போனால் பெண் மூலையில் உட்கார்ந்துவிடும் என்று பங்கஜத்துக்குப் பயம். தர்முவின் மனசை எப்படியாவது இன்றைக்கு இளக்கிவிட வேண்டும். அதற்கு ஒரு பாட்டு அவளிடம் இருந்தது.

மயிலாப்பூரில், சித்திரக்குளத்துப் பக்கம், ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டு குடித்தனமாக்கிய வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் வெகுகாலம் இருந்தார்கள். இந்தப் பக்கம் பங்கஜம், அந்தப் பக்கம் தர்மு. கைலாசத்திடம் கிராமபோன் இருந்தது. பங்கஜத்திடம் இல்லை, வாங்கும் வக்கும் இல்லை. ஆனால் சுவருக்குக் காசா கேட்கத் தெரியும்? அங்கே போட்ட பாட்டெல்லாம் இங்கேயும் வந்தது. அதிலும் வளைகாரச் செட்டி பாட்டு என்று ஒன்று. வளையல் விற்க வந்த செட்டியைப் பார்த்து, 'என் கை அளவு உனக்கு யார் சொன்னா?' என்று ஒரு பெண் மல்லுக்கு நிற்கும் நாடகப் பாட்டு. ஹார்மோனியமும் ஜால்ராவும் அமர்க்களப்படும். வாரத்தில் ஒரு நாளாவது அது அங்கே ஓடும். பங்கஜம் அரிசி களைந்துகொண்டே கூடப் பாடுவாள். வேலை முடிந்திருந்தால் பலகையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு காதை வைத்துக் கேட்பாள். அவளுடைய இளவயசில் சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. இருந்ததில் பாதி அந்தப் பாட்டுதான்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது இவர்கள் கும்பகோணத்துக்கும் அவர்கள் கோயமுத்தூருக்கும் போனார்கள். திரும்பி வந்தபோது வேறு வேறு இடம். கைலாசம் அடையாற்றில் தோட்டத்தோடு வீடு கட்டிக்கொண்டார். பங்கஜத்தின் புருஷன் சுவாமிநாதன் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா, மாம்பலத்தில் வாடகை வீடு அகப்பட்டதே பெரிசு.

விளக்கேற்றியதும் தர்மு வந்தாள். அரக்குப் பட்டுப்புடைவை, முழங்கைக்குக் கீழே வரை ரவிக்கை, முகத்தில் அந்தப் பழைய அரைச் சிரிப்பு. அவளைக் காரிலிருந்து இறக்கிவிட்டுவிட்டுக் கைலாசமும் விசுவமும் சுவாமிநாதனோடு பார்க்குக்குப் போய்விட்டார்கள். அங்கே கார்ப்பரேஷன் ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு வந்து அழைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

முதலில் இசக்கியம்மாள் ஒரு வேடன் பாட்டை எடுத்துவிட்டாள். குரல் கரகரவென்று இருந்தாலும் தாளம் பிசகவில்லை.

"எங்க ஊருக்கு நாடகக் கம்பெனி வந்திருந்தப்ப எங்க ஐயா என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டாவ. பொம்பளப் பிள்ளைக்கு நாடகம் என்னத்துக்குன்னு. நான் ஓட்டைப் பிரிச்சு மேல ஏறி, நிலா வெளிச்சத்துல உக்காந்து முழுசும் கேட்டேன்லா! மறுநா காலைல ஐயா முதுகுத்தோலை உரிச்சிட்டாவ. இருந்தாலும் பாட்டு நம்மகிட்ட வந்துட்டுல்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். தர்மு சிரிக்கவில்லை. தொன்னையிலிருந்த சுண்டலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜட்ஜ் மாமியும் கடைசியில் கீர்த்தனையைக் கைவிட்டு ஒரு கப்பல் பாட்டுப் பாடினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். ரங்கூனில் வேலையாயிருந்த அவள் தம்பி லீவில் வரும்போதெல்லாம் பாடும் பாட்டாம். சண்டையின்போது அங்கேயிருந்து நடந்தே புறப்பட்டவன் வந்து சேரவில்லை. "அவன் பாடினா கேலி பண்ணுவேன். கழுதைக் குரல்னு சொல்வேன்," என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளிடம் இப்படி ஒரு துக்கம் இருந்தது தெருவில் ஒருத்திக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெட்டதில்லை.

"இப்போ நான்," என்றாள் பங்கஜம். "இது என் பாட்டு இல்லை. தர்மு ஆத்துப் பாட்டு. அவாத்துல போடுவா, நான் இந்தப் பக்கத்துலேர்ந்து திருடிப்பேன். இதை எங்கே கேட்டாலும் எனக்கு அந்த மயிலாப்பூர் வீடும் தர்முவும்தான் ஞாபகம் வரும். புருஷாளும் பொண்டாட்டியுமா பாட்டுக் கேட்டுண்டு, எத்தனை அன்யோன்யம்! எனக்கு உள்ளூரப் பொறாமையாக்கூட இருக்கும்."

சொல்லிவிட்டு வளைகாரச் செட்டி பாட்டை ஆரம்பித்தாள். நன்றாகவே பாடினாள். ஜால்ரா வரும் இடத்தில் கையைத் தட்டினாள், இசக்கியம்மாளும் சேர்ந்து தட்டினாள். இரண்டாவது அடியில் தர்மு எழுந்திருந்து, ஒருத்தரையும் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பலித்துவிட்டது என்று நினைத்தாள் பங்கஜம். பழைய ஞாபகத்தில் அழுகை வந்திருக்கும், சபையில் அழக் கூச்சப்பட்டுக்கொண்டு உள்ளே போயிருப்பாள். பாட்டை முடித்து, கோமளாவை எல்லோருக்கும் சந்தனம் கொடுக்கச் சொல்லிவிட்டு, தலைகால் புரியாத சந்தோஷத்தில் பின்னாலேயே போனாள்.

தர்மு அழவில்லை. பாத்திர அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எதுக்குடி அதைப் பாடினே?"

"உனக்காகத்தான். நீ மறந்திருப்பியோன்னு..."

"மறக்கறதா?" என்றாள் தர்மு. "சொல்லிக்காட்டறியோன்னு நினைச்சேன். 'எனக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் பெண்ணைக் கொடுக்கறேன்'னு."

"என்ன தெரியும்? என்னடி சொல்றே?"

தர்மு அவள் முகத்தைப் பார்த்தாள். "நடுவுல ஒத்தைச் செங்கல் சுவர்தானே இருந்தது, பங்கஜம்? உனக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டுதா?"

பங்கஜம் சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அவருக்குக் கோபம் வந்தா முதல்ல ஜன்னலைச் சாத்துவார். அப்புறம் பிளேட்டைப் போடச் சொல்வார். அந்தப் பிளேட்டுதான். மத்ததெல்லாம் மெல்லிசா இருக்கும், நான் அலறறது வெளியில கேட்டுடும். இதுலதான் ஹார்மோனியமும் ஜால்ராவும் பலமா இருக்கும். பாட்டு முடியறதுக்குள்ள அவரும் முடிச்சுடுவார். கணக்கான மனுஷர்."

கூடத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. தர்மு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு நாள் நீ சுவத்தைத் தட்டினே. ஞாபகம் இருக்கா? அப்பாடா, ஒருத்திக்காவது காது கேட்டுடுத்து, நிறுத்தச் சொல்றான்னு நினைச்சேன். அவரும் பயந்துபோய்க் கையை எடுத்துட்டார். நீ அந்தப் பக்கத்துலேர்ந்து 'மாமா, இன்னொரு தரம் போடுங்கோளேன், ரொம்ப நன்னாருக்கு'ன்னே. அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். இன்னொரு தரம் போட்டார்."

பங்கஜம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. சுவரைத் தட்டியதும், 'இதோ மாமி!' என்று கைலாசம் கலகலப்பாகச் சொன்னதும், எவ்வளவு நல்ல மனுஷன் என்று தான் பூரித்துப்போனதும். இன்னும் ஒன்றும் ஞாபகம் வந்தது. ஜால்ராவுக்கு நடுவே தாளத்தில் சேராத சத்தம் ஒன்று தொம்மென்று கேட்கும். தர்மு குழவியை உருட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். பாட்டு ஓடும்போது யார் அரைத்தார்கள்? கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று தர்மு மாசத்துக்கு ஒரு தரம் சொன்னபோது அப்படியே நம்பினாள். நம்பாவிட்டால் பாட்டுப் போய்விடும். அது அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றியது. தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"விசுவம்?" என்று மட்டும் கேட்டாள்.

"அதைச் சொல்லத்தான் வாய் வராம ஊமையா இருந்தேன். கிராமபோனுக்குச் சாவி கொடுக்கறது அவன்தான். முதல்ல அப்பா மிரட்டிக் கொடுக்கச் சொல்வார், அழுதுண்டே கொடுப்பான். அப்புறம் அப்பா முகத்தைப் பார்த்துட்டுத் தானே போய்க் கொடுக்க ஆரம்பிச்சுட்டான். போன மாசம் குழம்புல உப்பில்லைன்னு தட்டை என்மேல வீசினான். அவன் அப்பா பெருமையாப் பார்த்தார்." தர்மு புடைவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் வயத்துல பொறந்ததை நானே சொல்றேன், பங்கஜம். கொடுக்காதே."

"இப்போ... இப்பவும் அந்தப் பாட்டு..."

"அடையாத்துக்கு வந்தப்பறம் பாட்டு போடறதில்லை. அவசியமில்லை. கூப்பிட்டா கேக்கற தூரத்துல ஒரு வீடு கிடையாது."

பங்கஜம் அவள் கையைப் பிடிக்கப் போனாள். தர்மு விலக்கிக்கொண்டாள்.

"அழாதே. வெளியில தெரியும். நான் வேண்டாம்னா எதுக்குன்னு கேட்பார், எனக்குப் பதில் இல்லை. நீதான் நிறுத்தணும். ஜாதகத்தை வேற ஜோசியர்கிட்டக் காட்டினோம்னு சொல்லு, பெண் படிக்கணும்கறான்னு சொல்லு, என்ன வேணா சொல்லு. என் பேர் மட்டும் நடுவுல வரப்படாது. சத்தியம் பண்ணு."

அடுப்பின்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள் பங்கஜம். தர்மு முகத்தைக் கழுவி, அந்த அரைச் சிரிப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

இரண்டு பேரும் கூடத்தில் வந்து உட்காரவும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கைலாசம் முன்னால் வந்தார். ஆள் நல்ல சிவப்பு, எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்கவைக்கிற மனுஷர். சுவாமிநாதன் பின்னாலேயே வாயெல்லாம் பல்லாக வந்தான். பார்க்கிலேயே முகூர்த்த மாசம் பேசி முடித்துவிட்டார்கள் என்று அந்தப் பல்லே சொல்லிற்று.

"மாமா, உங்காத்துப் பாட்டை இப்பத்தான் பாடினா பங்கஜம்! வளைகாரச் செட்டி!" என்று ஜட்ஜ் மாமி போட்டு உடைத்தாள். "அந்த நாள்லே புருஷாளும் பொண்டாட்டியுமா உக்காந்து கேப்பேளாமே!"

கைலாசம் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். "அடடா! நான் இல்லாத சமயம் பார்த்தா? அது நடக்காது. எனக்காக இன்னொரு தரம் பாடணும்."

"பாடேண்டி. காலைலேர்ந்து அதைத்தானே முணுமுணுத்துண்டிருந்தே," என்றான் சுவாமிநாதன்.

"தொண்டை கட்டியிருக்கு," என்றாள் பங்கஜம். ஜாதகம், ஜோசியர், படிப்பு என்று மனசுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும்.

விசுவம் முன்னால் வந்தான். அப்பாவைப்போலவே சிவப்பு, அப்பாவைப்போலவே சிரிப்பு. கொலுப்படி ஓரம் நின்றிருந்த கோமளாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மாமி, நான்தான் சாவி கொடுப்பேன், ஞாபகம் இருக்கா? நீங்க சுவத்தைத் தட்டி இன்னொரு தரம் கேட்டேள். அப்பக்கூட நான்தான் கொடுத்தேன்."

கோமளா தலையைக் குனிந்துகொண்டு புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் பங்கஜத்துக்குச் சத்தியமும் மறந்தது, சபையும் மறந்தது.

"ஞாபகம் இருக்குடா," என்றாள். குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது. "உங்கம்மாவை உங்கப்பா போட்டு அடிப்பார், சத்தம் வெளியில கேக்கப்படாதுன்னு நீ சாவி கொடுப்பே. பாட்டுக்கு நடுவுல தொம்மு தொம்முன்னு விழுந்தது எனக்கும் கேட்டுது. கேட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னேன் பாரு, நான் பாவி. என் பெண்ணை அந்த வீட்டுக்குத் தரமாட்டேன். போங்கோ."

இசக்கியம்மாள் தன் வளையலைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

கைலாசத்தின் சிரிப்பு மட்டும் போகவில்லை. "தர்மு," என்றார் மெதுவாக. "இவா என்னமோ சொல்றாளே. நீ ஏதாவது சொன்னியா?"

தர்மு எழுந்தாள். பங்கஜத்தைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் பங்கஜத்தால் தாங்கியிருக்க முடியும்.

"நான் என்ன சொல்றதுக்கு இருக்கு?" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "அவர் என்மேல ஒரு துரும்பைத் தூக்கிப் போட்டதில்லை. சம்பந்தம் இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லலாம். இப்படி அபாண்டம் சுமத்த வேண்டாம். மயிலாப்பூர்லேயே பங்கஜத்துக்கு எங்களைக் கண்டா பொறாமை. அவளே இப்பச் சொன்னாளே, நீங்க எல்லாரும் கேட்டேளே?"

ஜட்ஜ் மாமி மெல்லத் தலையை ஆட்டினாள். கேட்டதென்னவோ வாஸ்தவம்தான்.

"போறது, விடு," என்றார் கைலாசம். "வா, போகலாம். படி இறக்கமா இருக்கு, பார்த்து." மனைவியின் முழங்கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டு நடத்திப் போனார். என்ன பெருந்தன்மை என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். விசுவம் காரின் முன்கதவைத் திறந்து ஏறி, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டான்.

சுவாமிநாதனுக்கு அப்போதுதான் வாய் வந்தது. "பெண்ணை நடுத்தெருவுல நிறுத்திட்டியேடி!" என்று கத்தினான். கோமளா உள்ளே ஓடினாள். பங்கஜம் ஒருத்தருக்கும் பதில் சொல்லாமல் வாசலுக்குப் போனாள். தர்முவைக் கூப்பிட வேண்டும், இங்கேயே இருந்துவிடு என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எங்கே இருக்கச் சொல்வது? இந்த வாடகை வீட்டிலா, சுவாமிநாதன் விடுவானா? நினைத்து முடிக்கும் முன்பே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

காரில் தர்முவை ஏற்றிவிட்டுக் கைலாசம் திரும்பி நடந்து வந்தார்.

"அவ தாம்பூலம் வாங்கிக்காமலே ஏறிட்டா. நவராத்திரியும் அதுவுமா வெறுங்கையோட போகப்படாதே?" என்று கையை நீட்டினார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "உங்க பாட்டைக் கேக்க எனக்குக் கொடுத்துவைக்கலை. பரவாயில்லை. ஆத்துல பழைய பிளேட்டு பத்திரமா இருக்கு," என்றார்.

பங்கஜம் உள்ளே போனாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு தேங்காய் எல்லாவற்றையும் எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். எத்தனையோ வருஷமாகக் கொடுத்துப் பழகிய கை. அவர் வணக்கமாக வாங்கிக்கொண்டு போனார். காரின் பின்ஜன்னலில் தர்முவின் தலை தெரிந்தது. அது ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. என் பெண்ணைக் காப்பாற்றியாயிற்று, தர்முவை நானே அனுப்பி வைத்தேன் என்று பங்கஜத்துக்குத் தெரிந்தது. கார் கிளம்பி அடையாற்றுப் பக்கம் திரும்பியது.